சுண்டு விரல் மரத்துப்போகிறது: டிராப் ஹேண்டிலில் கையை எங்கே வைப்பது?

கேள்வி: எனக்கு 41 வயது, எடை 58 கிலோ. ஆறு வருடம் நேர் ஹேண்டில் வைத்த சைக்கிள் ஓட்டிவிட்டு, நான்கு மாதத்துக்கு முன்பு டிராப் ஹேண்டில் (முனைகள் கீழே வளைந்த ஹேண்டில்) உள்ள ரோடு பைக்குக்கு மாறினேன். 30, 35 கிலோமீட்டர் தாண்டியதும் இரண்டு கையிலும் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போகின்றன. இடது கையில் அதிகம். ஹேண்டில் தூரமாக இருப்பதுபோல் தோன்றியதால் சீட்டை முன்னால் தள்ளினேன். உட்காரும் இடத்தில் அழுத்தியதால் அதன் மூக்கைக் கொஞ்சம் கீழே சாய்த்தேன். தடிமனான ஜெல் கையுறை வாங்கினேன், நிலைமை இன்னும் மோசமானது. எப்போதும் ஹூட்டின் (பிரேக் லீவரைத் தாங்கும், ரப்பர் போர்த்திய பிடி) மேல்தான் கை. கீழ் வளைவைப் பிடிக்கப் பயம், அங்கிருந்து பிரேக் லீவர் என் விரலுக்கு எட்டுவதில்லை. எனக்கு இடது கைப் பழக்கம். போன ஞாயிற்றுக்கிழமை 60 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பூட்டைத் திறக்கும்போது சாவி விரலிலிருந்து நழுவியது. மறுநாளும் அப்படித்தான். இன்னும் மூன்று மாதத்தில் 200 கிலோமீட்டர் பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சைக்கிள் பயணம்) ஓட வேண்டும் என்று ஆசை. கையை எங்கே வைப்பது சரி? பேசாமல் நேர் ஹேண்டிலுக்கே திரும்பிவிடட்டுமா?

பதில்: அன்புள்ள வாசகிக்கு, உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய விஷயத்தைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். சாவி நழுவியது.

விரல் மரத்துப்போவது ரோடு பைக் ஓட்டும் பலருக்கும் வருவதுதான். வண்டியை விட்டு இறங்கிக் கையை உதறி, அரை மணி நேரத்தில் சரியாகிவிட்டால் அது நரம்பின் முணுமுணுப்பு. ஆனால் மறுநாளும் சாவி பிடிபடவில்லை என்றால் உணர்ச்சியோடு சேர்ந்து தசையின் பலமும் குறைந்திருக்கிறது. சாவியைத் திருப்பும்போது கட்டைவிரல் அதை ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் வைத்து அழுத்துகிறது இல்லையா, அந்த அழுத்தத்தைத் தருகிற தசைகளுக்கு முக்கியமான கட்டளை போவது சுண்டு விரல் பக்கம் ஓடும் உல்நார் நரம்பின் வழியாகத்தான். மரத்துப்போன விரல் ஒரு பக்கம், நழுவும் சாவி மறுபக்கம் என்று இரண்டும் தனித்தனி விஷயமாக உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். இரண்டும் ஒரே நரம்பின் வேலை.

ஆகவே இந்த வாரமே ஒரு மருத்துவரைப் பாருங்கள். நரம்பியல் அல்லது எலும்பு மருத்துவர், யாராக இருந்தாலும் சரி. தேவைப்பட்டால் நரம்புக் கடத்துத் திறன் பரிசோதனை செய்வார்கள். சர்க்கரை நோயோ தைராய்டு கோளாறோ இருந்தால் அதையும் சொல்லுங்கள், அந்த உடம்பில் நரம்புகள் அழுத்தத்தைக் குறைவாகவே தாங்கும். பலம் முழுதாகத் திரும்பும் வரை ரோடு பைக்கைத் தொட வேண்டாம். வீட்டுக்குள் ட்ரெய்னரில் (வண்டியை ஒரே இடத்தில் நிறுத்தி மிதிக்க உதவும் தாங்கி) மாட்டி ஓட்டினாலும் கை அதே இடத்தில்தான் அழுந்தும், அதனால் அதுவும் கூடாது. நடங்கள், கால் பயிற்சி செய்யுங்கள். மூன்று மாதம் குறைவான காலம் இல்லை.

போவதற்கு முன் வீட்டிலேயே இரண்டு சோதனைகளைச் செய்து பார்த்து, கண்டதை மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒரு தாளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, வேறொருவரை இழுக்கச் சொல்லுங்கள். பலமுள்ள கையில் கட்டைவிரல் நேராக நின்று தாளைப் பிடிக்கும். பலம் குறைந்த கையில் கட்டைவிரலின் நுனிக் கணு மடங்கிக்கொள்ளும். இரண்டு கையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்து, புறங்கையில் சுண்டு விரல் பக்கத்துத் தோலைப் பஞ்சால் வருடிப் பாருங்கள். அந்தத் தோலுக்குப் போகும் கிளை மணிக்கட்டுக்கு மேலேயே பிரிந்துவிடுகிறது. ஆகவே அங்கேயும் மரத்திருந்தால் நரம்பு அழுந்துவது உள்ளங்கையில் இல்லை, முழங்கையிலோ கழுத்திலோ இருக்கலாம். புறங்கை நன்றாக இருந்து, உள்ளங்கைப் பக்கமும் விரல்களும் மட்டும் மரத்திருந்தால் ஹேண்டில்தான் காரணம் என்ற சந்தேகம் வலுக்கும். எப்படியிருந்தாலும் முடிவு மருத்துவருடையது.

இனி சைக்கிளுக்கு வருவோம். நான் பிசியோதெரபிஸ்ட். ஓட்டுபவரின் உடம்புக்கு ஏற்ப வண்டியைப் பொருத்திக் கொடுப்பதுதான் என் அன்றாட வேலை. கை மரத்துப்போகிறது என்று வருபவர்கள் எல்லோரும் உங்களைப் போலவே கையை எங்கே வைப்பது என்றுதான் கேட்கிறார்கள். நான் முதலில் அவர்களுடைய சீட்டைத்தான் பார்ப்பேன்.

ஏன் என்பதற்கு உங்கள் உள்ளங்கையிலேயே விடை இருக்கிறது. இடது உள்ளங்கையை மேலே காட்டி வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டு மடிப்பில், சுண்டு விரல் பக்கத்து ஓரத்தில், வலது கட்டைவிரலால் தடவினால் பட்டாணி போல ஒரு சின்ன எலும்பு தட்டுப்படும். அங்கிருந்து ஆள்காட்டி விரலின் அடியை நோக்கி ஒரு விரல் அகலம் நகர்ந்து அழுத்தினால், ஆழத்தில் கொக்கி போன்ற இன்னொரு எலும்பு தெரியும். மெல்ல அழுத்துங்கள், வலிக்கும். இந்த இரண்டு எலும்புக்கும் இடையில் இருக்கிற பள்ளத்தில்தான் உல்நார் நரம்பு உள்ளங்கைக்குள் நுழைகிறது. பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஃபெலிக்ஸ் கயோன் 1861-ல் இதை விவரித்ததால் இதற்குக் கயோன் கால்வாய் என்று பெயர். நரம்பு இங்கேதான் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை சுண்டு விரலுக்கும் மோதிர விரலின் பாதிக்கும் உணர்ச்சி தருகிறது. இன்னொன்று கொக்கி எலும்பைச் சுற்றிக்கொண்டு ஆழத்தில் போய், விரல்களை விரிக்கவும் சாவியைப் பிடிக்கவும் உதவும் தசைகளை இயக்குகிறது. கட்டைவிரலுக்கு அடியில் இருப்பதுபோல் இங்கே தசை மெத்தை கிடையாது. மெல்லிய தசை, கொஞ்சம் கொழுப்பு, தோல், அவ்வளவுதான். உடம்பின் எடையை இந்த இடத்தில் வைத்து இரண்டு மணி நேரம் சாலையின் அதிர்வையும் சேர்த்துக் கொடுத்தால் நரம்பு என்ன செய்யும்?

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்தால் அது வேறு நரம்பு, மீடியன். மணிக்கட்டைப் பின்பக்கமாக மடித்து வைத்து ஓட்டுபவர்களுக்கு அது வரும். உங்களுக்கு அது இல்லை.

உங்கள் எடை ஏன் கைக்கு வந்தது? இரண்டு திருத்தங்கள் செய்தீர்கள். இரண்டுமே யாருக்கும் தோன்றக்கூடியவைதான், இரண்டுமே உங்களுக்கு எதிராகப் போய்விட்டன. சீட்டின் மூக்கைக் கீழே சாய்த்தால் உட்காருமிடம் சறுக்குப் பலகையாகிறது. ஒவ்வொரு மிதிக்கும் உடம்பு முன்னால் வழுக்கும், வழுக்காமல் இருக்கக் கை ஹேண்டிலை முட்டிக்கொண்டே இருக்கும். முழங்கையை விறைப்பாக நீட்டி வைத்திருப்பீர்கள், தோள் காதுவரை ஏறியிருக்கும். நீங்கள் எழுதாவிட்டாலும் கழுத்து வலியும் இருக்குமென்று நினைக்கிறேன்.

சீட்டை முன்னால் தள்ளியது இன்னும் நுட்பமான தவறு. ஹேண்டில் கிட்ட வந்தது உண்மை. ஆனால் நாற்காலியிலிருந்து எழுந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். பாதத்தைப் பின்னால் இழுத்து வைத்தால்தான் உடம்பு எளிதாக முன்னால் சாய்கிறது. சைக்கிளில் பாதம் பெடலோடு இருக்கிறது. சீட் முன்னால் போகப் போகப் பாதம் உடம்புக்குப் பின்னால் போவதாக ஆகிறது. இடுப்பைப் பின்னால் தள்ளி எடையைச் சமன் செய்ய இடமில்லாமல், மேல் உடம்பு முன்னால் விழப் பார்க்கிறது. அதைப் பிடித்து நிறுத்துவது கை. ஹேண்டில் எட்டவில்லை என்றால் ஹேண்டிலைத்தான் கிட்டே கொண்டுவர வேண்டும், சீட்டை அதை நோக்கி அனுப்பக் கூடாது. சீட்டின் இடம் காலையும் இடுப்பையும் பொறுத்து முடிவாக வேண்டியது.

எனவே குணமான பிறகு முதலில் செய்ய வேண்டியது இது. சீட்டை மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரு நீர்மட்டக் கருவியையோ கைப்பேசியில் சாய்வு காட்டும் செயலியையோ சீட்டின் மேல் வைத்துப் பாருங்கள். ஒன்று, இரண்டு டிகிரி கீழே இருந்தால் பரவாயில்லை, அதற்கு மேல் வேண்டாம். மட்டமாக வைத்தால் உட்காரும் இடத்தில் மறுபடி அழுத்துமே என்பீர்கள். அழுத்தினால் அந்தச் சீட் உங்களுக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம். நடுவில் பள்ளமோ திறப்போ உள்ள, உங்கள் உட்காரும் எலும்புகளின் அகலத்துக்கு ஏற்ற சீட்டாக மாற்ற வேண்டும். பெண்களுக்கு அந்த அகலம் பெரும்பாலும் சற்று அதிகம். அதைச் சகித்துக்கொண்டு ஓட்டுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

அப்புறம் சீட்டை ஐந்து மில்லிமீட்டராகப் பின்னால் நகர்த்துங்கள். 10 மில்லிமீட்டர் பின்னால் போனால் பெடலும் சற்றுத் தள்ளிப்போவதால், உயரத்தை இரண்டு, மூன்று மில்லிமீட்டர் குறைக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஒரு சோதனை: வண்டியை ட்ரெய்னரில் மாட்டி, நடுத்தர பலத்தில் மிதித்துக்கொண்டே இரண்டு கையையும் ஹூட்டிலிருந்து ஓர் அங்குலம் உயர்த்துங்கள். மேல் உடம்பு அப்படியே நின்றால் சரி. முன்னால் சரிந்து உடனே கையை ஊன்ற வேண்டியிருந்தால் எடை இன்னும் கையில்தான் இருக்கிறது.  சாலையில் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

இது சரியான பிறகும் ஹேண்டில் தூரமாக இருந்தால் ஸ்டெம்மை (ஹேண்டிலை வண்டியோடு இணைக்கும் துண்டு) மாற்றலாம். 100 மில்லிமீட்டர் இருந்தால் 80 போடலாம். மேல்நோக்கிச் சாய்கிற மாதிரி திருப்பி மாட்டினால் கொஞ்சம் உயரமும் கிடைக்கும். ஹேண்டிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. பழைய வடிவங்கள் முன்னால் 90, 100 மில்லிமீட்டர் நீண்டு, 140-க்கு மேல் கீழே இறங்கும். காம்பாக்ட் வகை 70, 75 மில்லிமீட்டர்தான் நீளும், 125-ஐ ஒட்டித்தான் இறங்கும். சிறிய கை உள்ளவர்களுக்கு இந்த இரண்டு, மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம் பெரியது. அகலத்தையும் அளந்து பாருங்கள். உங்கள் இரண்டு தோள் முனை எலும்புகளுக்கு இடைப்பட்ட தூரமும் ஹேண்டிலின் அகலமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். 42 சென்டிமீட்டர் ஹேண்டிலோடு வரும் வண்டியை 36 சென்டிமீட்டர் தோள் உள்ளவர் ஓட்டினால் கை விரிந்து, மணிக்கட்டு வெளிப்பக்கமாக ஒடிந்து, சரியாக அந்தப் பட்டாணி எலும்புப் பக்கம்தான் எடை இறங்கும். சில நிறுவனங்கள் குழாயின் மையத்திலிருந்து மையத்துக்கு அளக்கின்றன, சில வெளி விளிம்பிலிருந்து விளிம்புக்கு. குழாயின் விட்டம் 23.8 மில்லிமீட்டர் என்பதால் ஒரே எண் போட்ட இரண்டு ஹேண்டில்களுக்குள் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வரலாம். வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்டெம், ஹேண்டில் வேலையை மெக்கானிக்கிடம் விடுங்கள். போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று அதன் பக்கத்திலேயே எழுதியிருக்கும், கார்பன் பாகமாக இருந்தால் அதைத் தாண்டவே கூடாது.

சரி, இப்போது கை.

ஆட்டுக்கடாக் கொம்பு மாதிரி ஹேண்டிலை வளைத்திருப்பது ஒரே இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்க அல்ல. மேல் தட்டை, மூலை வளைவு, ஹூட், கீழ்க் கொக்கி, அதன் பின்னால் போகும் நேர்ப் பகுதி என்று ஐந்து இடம் இருக்கிறது. நேர் ஹேண்டிலில் உங்களுக்கு ஒரே பிடிதான், அதுவும் உள்ளங்கை கீழே பார்த்தபடி. இரண்டு கையையும் தொங்கவிட்டு நில்லுங்கள். கட்டைவிரல்தானே முன்னால் பார்க்கிறது? அப்படியே கையை முன்னால் தூக்கினால் கைகுலுக்கும் நிலை வரும். உடம்புக்கு இயல்பான அந்த நிலையை ஹூட் தருகிறது, நேர் ஹேண்டில் தருவதில்லை. ஆகவே திரும்பிப் போக வேண்டாம்.

ஹூட்டில் இன்று எல்லோரும் நாள் முழுக்க இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. முன்பெல்லாம் கியர் மாற்றும் நெம்புகோல் சட்டத்தின் கீழ்க்குழாயில் இருந்தது, பிரேக் பிடி சின்னதாக இருந்தது. ஷிமானோ 1990-லும் கம்பன்யோலோ 1992-லும் கியரைப் பிரேக் லீவருக்குள்ளேயே கொண்டுவந்த பிறகு, பிரேக்கும் கியரும் ஒரே இடத்தில் கிடைத்தன. ஹூட் பெரிதாகி, கை தங்குகிற இடமாக மாறியது. நல்ல விஷயம்தான். ஆனால் நீங்கள் அங்கே எப்படிப் பிடிக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சதைப்பிளவு ஹூட்டின் கழுத்தில் உட்கார வேண்டும். கட்டைவிரல் உள்பக்கமாகச் சுற்றிக்கொள்ள, ஒரு விரலோ இரண்டு விரலோ லீவரின் மேல் தளர்வாக இருக்கட்டும், மற்றவை வெளிப்பக்கமாக அணைத்துக்கொள்ளட்டும். எடை என்று ஏதாவது இறங்கினால் அது அந்தப் பிளவிலும் கட்டைவிரலின் அடிச் சதையிலும் இறங்க வேண்டும். பலர் இதைவிட ஒன்றிரண்டு சென்டிமீட்டர் பின்னால் பிடிக்கிறார்கள். ஹேண்டில் டேப் முடிந்து ஹூட் ரப்பர் தொடங்கும் இடத்தில் ஒரு சின்னப் பள்ளமோ மேடோ இருக்கும், உள்ளங்கையின் அடிப்பகுதி அதன் மேல் போய் உட்காரும். ஹேண்டில் உங்களுக்குத் தூரமாக இருந்ததால் நீங்களும் அப்படித்தான் பிடித்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. ஓட்டி முடித்ததும் கையுறையைக் கழற்றி, உடனே உள்ளங்கையைப் பாருங்கள். சிவந்த தடம் கட்டைவிரல் பக்கம் இருந்தால் பிடி சரி. சுண்டு விரல் பக்கம், மணிக்கட்டை ஒட்டி இருந்தால், நரம்பின் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். பழைய கையுறை ஏதாவது இருந்தால் அதன் தேய்மானத்தையும் பாருங்கள், அதுவும் இதையே சொல்லும்.

ஹூட் பொருத்தப்பட்ட கோணத்தையும் பார்க்க வேண்டும். ஒரு அளவுகோலை ஹேண்டிலின் மேல் சரிவில் தொடங்கி ஹூட்டின் முதுகு வரை வைத்தால், இரண்டும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வர வேண்டும். ஹூட் கீழே தொங்கினால் கை முன்னால் வழுக்கும், ரொம்ப நிமிர்ந்தால் மணிக்கட்டு பின்னால் மடங்கும். மேலிருந்து பார்க்கும்போது ஹூட் இரண்டும் மிகச் சிறிதளவு உள்பக்கம் திரும்பியிருந்தால் பலருக்கு மணிக்கட்டு நேராகும். போட்டி வீரர்கள் அளவுக்கு மீறித் திருப்ப ஆரம்பித்ததால், சர்வதேச சைக்கிள் சங்கமான யுசிஐ 2024 முதல் அதை 10 டிகிரிக்குள் கட்டுப்படுத்தியது. உங்களுக்கு அதில் பாதி போதும்.

எவ்வளவு இறுக்கமாகப் பிடிப்பது? குருவிக் குஞ்சைக் கையில் வைத்திருப்பதுபோல. பறந்துவிடவும் கூடாது, நசுங்கிவிடவும் கூடாது. முழங்கை கொஞ்சம் மடங்கியிருக்கட்டும். யாராவது பக்கத்திலிருந்து உங்கள் முழங்கையை லேசாகத் தட்டினால் அது ஆட வேண்டும், கம்பி மாதிரி நிற்கக் கூடாது. மடங்கிய முழங்கை சாலையின் குலுக்கலைத் தானே வாங்கிக்கொள்ளும். நீட்டிய முழங்கை அதை அப்படியே தோளுக்கும் கழுத்துக்கும் அனுப்பும்.

இனி நீங்கள் பயப்படும் கீழ் வளைவு. அதை வேகமாகப் போகிறவர்களின் இடம் என்று நினைத்துவிட்டீர்கள். உண்மையில் அது நன்றாக நிற்க விரும்புகிறவர்களின் இடம். ஹூட்டிலிருந்து பிரேக் பிடிக்கும்போது விரல் லீவரின் அச்சுக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதனால் பலமாக அழுத்த வேண்டும். கீழ்க் கொக்கியிலிருந்து பிடிக்கும்போது விரல் லீவரின் நுனிப் பக்கம் இருக்கிறது. கதவைக் கீல் பக்கம் தள்ளுவதற்கும் கைப்பிடிப் பக்கம் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். செங்குத்தான இறக்கத்திலும் குறைந்த பலத்தாலேயே வண்டியைக் கட்டுப்படுத்தலாம். பள்ளத்தில் விழுந்தாலும் கொக்கிக்குள் இருக்கிற கை கழன்று வராது. உங்களைப் போல சின்னக் கை உள்ளவருக்கு இந்த இடம் மற்றவர்களைவிட அதிகமாகவே தேவை.

லீவர் எட்டவில்லை என்பது உங்கள் விரலின் குறை அல்ல. பெரும்பாலான லீவர்களில் எட்டும் தூரத்தைக் குறைக்க ஒரு சின்னத் திருகாணி இருக்கிறது. சிலவற்றில் ஹூட் ரப்பரை மடித்தால் தெரியும், சிலவற்றில் லீவரின் முன்பக்கம். ஆலன் கீயால் கால் சுற்று, கால் சுற்றாகத் திருகி, கொக்கிக்குள் கை இருக்கும்போது ஆள்காட்டி விரலின் முதல் கணு லீவரின் மேல் படியும் அளவுக்குக் கிட்டே கொண்டுவாருங்கள். பிறகு முழு பலத்தோடு அழுத்திப் பாருங்கள். பிரேக் நன்றாகப் பிடிப்பதற்கு முன்பே லீவர் ஹேண்டிலில் முட்டினால் பிரேக்கையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டும். அதைச் செய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

பழகுவதற்கு, வண்டி அதிகம் வராத சமதளச் சாலையில் முதலில் ஒரு கையை மட்டும் கீழே கொண்டுபோங்கள். அது அங்கே நிலைத்த பிறகு அடுத்த கை. கை கீழே போகும்போது முழங்கையையும் மடக்குங்கள், இடுப்பிலிருந்து சாயுங்கள். முதுகைக் கூனாக வளைக்காதீர்கள். அரை நிமிடம் இருந்துவிட்டு மேலே வாருங்கள். இரண்டு வாரத்தில் அது ஐந்து நிமிடமாகும். பார்வையைத் தூக்கக் கழுத்தை ரொம்ப ஒடிக்க வேண்டியிருந்தாலோ தொடை வயிற்றில் இடித்தாலோ ஹேண்டில் இன்னும் கீழே இருக்கிறது, ஸ்டெம்முக்கு அடியில் ஸ்பேசர் என்ற வளையத்தைச் சேர்த்து உயர்த்த முடியுமா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

மேல் தட்டை ஏற்றத்துக்கு நல்லது. நெஞ்சு விரிகிறது, மூச்சு தாராளமாகிறது. ஆனால் பிரேக் கைக்கு எட்டாது, அதனால் நெரிசலிலும் கூட்டமாக ஓட்டும்போதும் அங்கே கை வேண்டாம். மூலை வளைவு ஓய்வுக்கு. கொக்கிக்குப் பின்னால் போகும் நேர்ப் பகுதியும் அப்படித்தான், எதிர்காற்றில் சிறிது நேரம் இருக்கலாம். பழைய போட்டி வீடியோக்களில் சிலர் முன்கையையே ஹேண்டிலின் மேல் கிடத்தி, விரல்களைக் காற்றில் விட்டு ஓட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். யுசிஐ அதை 2021 ஏப்ரல் முதல் போட்டிகளில் தடை செய்துவிட்டது. ஒரு சின்னக் கல்லில் ஏறினாலும் ஹேண்டில் கையை விட்டுப் போய்விடும். நீங்கள் முயல வேண்டாம்.

இத்தனை இடம் இருந்தும் பயன் எப்போது? மரத்துப்போவதற்கு முன்பே மாற்றினால்தான். நரம்பு தாமதமாகத்தான் புகார் செய்யும், விரல் மரத்தபோது அது ஏற்கனவே நிறைய நேரம் அழுந்திவிட்டது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறையாவது கை இடம் மாற வேண்டும். கடிகாரம் பார்த்து யாராலும் இது முடியாது, ஆகவே வேறு ஏதாவது ஒன்றோடு முடிச்சுப் போடுங்கள். நான் தண்ணீர்ப் புட்டியோடு முடிந்துவைத்திருக்கிறேன். ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கை திரும்பிப் போகும்போது பழைய இடத்துக்குப் போகாது. மற்றக் கையும் கூடவே மாறும். தண்ணீர் குடிக்க மறப்பதும் இதனால் குறைந்தது. நடுவில் பதினைந்து விநாடி எழுந்து நின்று மிதித்தாலும் நல்லது, அழுத்தம் வேறு இடத்துக்குப் போகும்.

உங்கள் ஜெல் கையுறை ஏன் கைகொடுக்கவில்லை என்பது இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். தடிமனான மெத்தை அந்தப் பள்ளத்தின் மேலேயே வந்தால், மேட்டில் விழ வேண்டிய அழுத்தம் பள்ளத்துக்குள் போகிறது. தடிமன் கூடக் கூடப் பிடி பெரிதாகி, சின்னக் கை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது. மெத்தை பள்ளத்தின் இரு கரையிலும் இருந்து நடுவில் வெறுமையாக இருக்கும் கையுறையைத் தேடுங்கள். அப்படிக் கிடைக்காவிட்டால் மெல்லிய சாதாரணக் கையுறையே மேல்.

டயரில் எவ்வளவு காற்று அடிக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் உச்ச அளவு வரை அடிப்பவராக இருந்தால், அது தாங்கும் எல்லை, அடிக்க வேண்டிய அளவு அல்ல. உங்கள் எடைக்கு, ட்யூப் உள்ள 28 மில்லிமீட்டர் டயர் என்றால் பின்னால் 75 பிஎஸ்ஐ, முன்னால் 70-ல் தொடங்கலாம். டயரில் குறித்திருக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகக் கூடாது. கைக்கு வரும் அதிர்வு குறைவது முதல் நாளிலேயே தெரியும்.

பிரெவேயைப் பற்றி. 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம் கொடுக்கிறார்கள், கால்கள் தயாராக இருப்பவருக்கு அவகாசம் உண்டு. ஆனால் இரண்டு மணி நேரத்தில் கெட்டுப்போகிற கையோடு அதில் இறங்க முடியாது. மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு, திருத்திய வண்டியில் 20 கிலோமீட்டரில் ஆரம்பியுங்கள். மறுநாள் காலையில் தாள் சோதனை. விரலில் எந்த மாற்றமும் இல்லாவிட்டால் அடுத்த வாரம் பத்து கிலோமீட்டர் கூட்டுங்கள். மாற்றம் இருந்தால் ஒரு படி கீழே வந்து, உள்ளங்கைத் தடத்தை மறுபடி பாருங்கள். இந்தக் கணக்கில் மூன்று மாதத்துக்குள் 200 வராது. பரவாயில்லை, அடுத்த பிரெவே ஓடுங்கள். அது மறுபடி வரும், அழுந்தி அழுந்தித் தசை கரைந்த கையைப் பழையபடி கொண்டுவருவதுதான் கடினம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில், புறங்கைப் பக்கம், சதை பள்ளமாகிப்போன கைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் யாரும் முதல் மாதத்தில் வரவில்லை. நீங்கள் நான்காவது மாதத்தில் எழுதிவிட்டீர்கள், சாவி நழுவிய வாரத்திலேயே எழுதிவிட்டீர்கள். அதில் எனக்கு நிம்மதி.

மருத்துவரைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். எழுதும்போது பக்கவாட்டில் நின்று எடுத்த ஒரு படம், ஹூட்டில் கை வைத்து வண்டியில் உட்கார்ந்தபடி, கூடவே இடது உள்ளங்கையின் படம் ஒன்று, இரண்டையும் அனுப்புங்கள். பூட்டை எந்தக் கையால் திறக்கிறீர்கள் என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள்.